மீனுக்கு மேலே ஓர் அடி

நேயர்களுக்கு வணக்கம்.

நான் இருப்பது அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில். இங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் மிசிசிப்பி மாநிலத்தின் சார்டிஸ் ஏரி வந்துவிடும். இன்னும் சற்றுப் போனால் எனிட், அதற்கப்பால் கிரனேடா. மூன்றும் தானாக உண்டான ஏரிகள் அல்ல. 1927ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்தப் பகுதியைப் புரட்டிப் போட்ட பிறகு, ராணுவப் பொறியாளர் படை அணை கட்டித் தேக்கிய நீர்த்தேக்கங்கள். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டினார்கள். பெயர் வாங்கித் தந்ததோ ஒரு மீன். கிராப்பி என்று பெயர். க்ராப்பியா, க்ரேப்பியா என்று ஊருக்கு ஊர் உச்சரிப்புச் சண்டை உண்டு. பக்கத்து லூசியானாவில் இந்த வம்பே வேண்டாமென்று பிரெஞ்சு மொழியில் ‘பால் பை’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். சதை அவ்வளவு வெள்ளை.

வெள்ளைக் கிராப்பி, கருங்கிராப்பி என இரண்டு இனங்கள். வெள்ளைக் கிராப்பியில் உலகச் சாதனை மீன் 1957இல் எனிட் ஏரியில் பிடிபட்டது. எடை 5 பவுண்டு 3 அவுன்ஸ். அதாவது சுமார் 2.35 கிலோ. என்னைப் போன்றவர்களுக்கு அரைக் கிலோ மீன் வந்தாலே அன்றைக்குச் சம்பளம் வாங்கிய மாதிரி.

தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவன் என்ற திமிர் எனக்கு இருந்தது. தூண்டில் போட எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? முதல் வசந்த காலம் முழுக்க, ஊரில் கெளுத்திக்குப் போடுவதுபோல் ஈயக்குண்டு தரையைத் தொடும்வரை இரையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கிராப்பி ஒன்றுகூட வரவில்லை. எனக்கு மூன்றடி தள்ளி அதே மரப்பாலத்தில் ஒரு பெரியவர் மடக்கு நாற்காலி போட்டு அமர்ந்து, சத்தமில்லாமல் மீனை எடுத்து எடுத்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய இரையும் சிறுமீன்தான், என்னுடையதும் சிறுமீன்தான். நான்காவது சனிக்கிழமை அவருக்கே பொறுக்கவில்லை போலும். “தம்பி, உன் இரை, மீனின் வயிற்றுக்குக் கீழே கிடக்கிறது. அதற்குக் கீழே குனிந்து தின்னும் பழக்கம் இல்லை” என்றார்.

பிறகு வாளியிலிருந்து ஒரு மீனை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். உள்ளங்கை அகலம், தட்டையான உடம்பு, வெள்ளியில் மை தெளித்தாற்போல் கரும்புள்ளிகள். பெரிய கண்கள், தலையின் உச்சியை ஒட்டி இருந்தன. வாயும் மேல்நோக்கியே திறந்தது. இந்த மீன் அண்ணாந்து பார்த்தே இரை தேடுகிறது. இரை, மீனுக்கு மேலே ஓர் அடியில் தொங்கினால் எழும்பி வந்து எடுக்கும். அரை அடி கீழே போனால் இருக்கிறதென்றே அதற்குத் தெரியாது. அதற்குப் பிறகு எத்தனையோ தூண்டில் கழிகள் வாங்கிவிட்டேன், எத்தனையோ வண்ணத்தில் பொய் இரை வாங்கிவிட்டேன். அந்தப் பெரியவர் சொன்ன அந்த ஓர் அடிக்கு ஈடாக ஒன்றையும் கடையில் காணவில்லை.

ஆழத்தைப் பிடிப்பது எப்படி? தூண்டில் நரம்பில் நகரும் தக்கை ஒன்று விற்கிறார்கள். நரம்பின்மேல் சின்ன நூல் முடிச்சு ஒன்று போட்டு, வேண்டிய இடத்துக்கு அதை நகர்த்திக்கொண்டால், தக்கை அந்த முடிச்சுவரை ஏறி நின்றுவிடும். நான்கடியில் ஆரம்பிப்பேன். கால் மணி நேரம் அசைவில்லையென்றால் முடிச்சை ஓர் அடி மேலே தள்ளுவேன். இரை ஓர் அடி கீழே இறங்கும். ஒரு மீன் வந்துவிட்டால் போதும், அதன்பின் முடிச்சைத் தொடுவதில்லை. கிராப்பி கூட்டமாக நிற்கும் மீன். ஒன்று நிற்கும் ஆழத்தில்தான் அதன் சொந்தபந்தமும் நிற்கும்.

தக்கை மூழ்கினால்தான் மீன் என்று நினைப்பவர்கள் பாதி மீனைக் கோட்டைவிடுவார்கள். கிராப்பி இரையைக் கவ்விக்கொண்டு மேலே எழும்பும். அப்போது ஈயக்குண்டின் பாரம் தக்கைக்கு இல்லாமல் போகிறது. நிமிர்ந்து நின்ற தக்கை சோம்பலாகப் பக்கவாட்டில் படுத்துவிடும். படுத்ததும் கழியை உயர்த்த வேண்டும். உயர்த்த வேண்டும் என்றுதான் சொன்னேன். சுண்டி இழுக்கச் சொல்லவில்லை. இதன் வாயோரம் காகிதம்போல் மெல்லிய சவ்வு. இங்குள்ளவர்கள் ‘காகித வாயன்’ என்றே கேலி செய்வார்கள். வெடுக்கென்று இழுத்தால் சவ்வு கிழிந்து தூண்டில் முள் மட்டும் கைக்கு வரும். மீன் நீர்மட்டத்துக்கு வந்ததும் கைவலையை அடியில் கொடுத்துத் தூக்குவதே நல்லது.

பொய் இரை போடுகிறவர்களுக்கு ஒரு சிறு விஷயம். ஈயத் தலையும் இறகு வாலும் கொண்ட அந்த இரை ஒரு கிராமோ இரண்டு கிராமோதான் இருக்கும். அதன் வளையத்தில் போடும் முடிச்சு முன்பக்கம் சரிந்திருந்தால் இரை வால் கீழாகச் செங்குத்தாகத் தொங்கும். எந்தச் சிறுமீன் தண்ணீரில் செங்குத்தாக நிற்கிறது? முடிச்சை நகத்தால் தள்ளி வளையத்தின் உச்சிக்குக் கொண்டுவந்தால் இரை படுக்கைவாட்டில் நிற்கும். ஒவ்வொரு மீனை எடுத்த பிறகும் அந்த முடிச்சு சரியும். ஒவ்வொரு முறையும் அதைத் தள்ளி வைக்க வேண்டும்.

எங்கே போடுவது என்பதற்கு ஒரே பதில், மரம். நீரில் மூழ்கிய கட்டை, வேர், முள்புதர் இவற்றின் நிழலில்தான் கிராப்பி ஒதுங்கும். நிர்வாகம் அனுமதிக்கும் ஏரிகளில் பண்டிகை முடிந்த கிறிஸ்துமஸ் மரங்களைக் கல் கட்டி மூழ்கடிப்பார்கள். சிக்கல் இல்லாத இடத்தில் மீன் இல்லை. சிக்கலில் போட்டால் முள் மாட்டிக்கொள்ளும். அதற்காகவே மெல்லிய கம்பியில் செய்த முள்ளைக் கட்டுகிறோம். நிதானமாக இழுத்தால் முள் நிமிர்ந்து கட்டையிலிருந்து வெளியே வந்துவிடும். குறட்டால் மறுபடி வளைத்துக்கொள்ளலாம்.

காலம் மாறினால் ஆழமும் மாறும். குளிர்காலத்தில் இந்த ஏரிகளின் நீரைத் திறந்துவிட்டு, வசந்த கால வெள்ளத்துக்கு இடம் வைப்பார்கள். மார்ச்சில் நீர் ஏறி, கரையோரப் புதர்கள் மூழ்கத் தொடங்கும். நீரின் வெப்பம் 60 பாரன்ஹீட்டைத் தாண்டியதும், அதாவது சுமார் 16 செல்சியஸ், மீன்கள் முட்டையிட அந்தப் புதர்களுக்குள் வந்துவிடும். ஆண் மீன் கன்னங்கரேலென்று மாறி முட்டைக்குக் காவல் நிற்கும். இரண்டடி ஆழம் போதும், குழந்தைகள்கூடப் பிடித்துவிடுவார்கள். கோடையில் மீன் ஆழத்துக்குப் போய்விடும். அப்போது இரவில் படகோரம் விளக்கு வைப்பார்கள். வெளிச்சத்துக்கு நுண்ணுயிர்கள் கூடும், அவற்றைத் தின்னப் பொடிமீன் வரும், பொடிமீனுக்காகக் கிராப்பி வரும்.

இப்போது நீருக்குள் மீன் திரும்புவதை அந்தக் கணமே திரையில் காட்டும் சோனார் வந்துவிட்டது. 2018இல் கார்மின் நிறுவனம் விற்கத் தொடங்கியபின் படகுக்குப் படகு அதே திரைதான். எனக்கு அதில் பெரிய பிரியமில்லை. நண்பரின் படகில் ஒருமுறை பார்த்தேன். இரையைச் சுற்றி இருபது மீன், ஒன்றும் வாய் திறக்கவில்லை. கண்ணால் பார்த்தபடி ஏமாறுவது இன்னும் கொடுமை.

உரிமம் வாங்க மறக்காதீர்கள். ஒவ்வோர் ஏரிக்கும் குறைந்தபட்ச நீளமும் நாளுக்கு இத்தனை மீன் என்ற அளவும் உண்டு. அதை அங்கேயே எழுதி வைத்திருப்பார்கள். இங்கே சோளமாவு தூவிப் பொரிப்பார்கள். என் வீட்டில் மிளகாய்த்தூள், மஞ்சள், கொஞ்சம் அரிசிமாவு. பெரியவருக்கு ஒரு தட்டு கொடுத்தனுப்பினேன். கண்ணில் நீர் வழியத் தின்றுவிட்டு, இன்னொரு தட்டு கேட்டார்.

நேற்று மாலை சார்டிஸ் கரையில் வெப்பமானியை இறக்கிப் பார்த்தேன். 58 காட்டியது. இன்னும் நான்கு நாள் வெயில் அடிக்க வேண்டும். வருகிறேன், வணக்கம்.