வெளியேற்றம் நின்றது, வீட்டுச் செலவு நிற்கவில்லை

நடுவர் அவர்களே! கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில், வாடகை கட்டாதவரை வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று அமெரிக்க அரசு விதித்த வெளியேற்றத் தடை ஏழைக் குடும்பங்களைத் தெருவுக்கு வராமல் காத்தது என்றார் எதிரணி நண்பர். காத்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காவலுக்கு யார் கைக்காசு செலவானது என்பதைச் சொல்லாமலே அமர்ந்துவிட்டார்.

2020 செப்டம்பர் 4 அன்று நடைமுறைக்கு வந்த இந்தத் தடை, அதாவது அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆணை, வாடகையைத் தள்ளுபடி செய்யவில்லை. வாடகை கட்ட இயலவில்லை என்ற உறுதிமொழிப் படிவத்தில் வாடகைதாரர் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால், பாக்கிக்காக அவரை வெளியேற்ற முடியாது. பாக்கியோ மாதந்தோறும் ஏறிக்கொண்டே போகும். கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டு மாடியில் தானே குடியிருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வாடகை நின்ற பிறகும் சொத்து வரியும் காப்பீட்டுத் தவணையும் தவறாமல் வருகின்றன. பனிக்காலத்தில் கீழ்வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் பழுதானால் அதைச் சரிசெய்து தரும் பொறுப்பும் அவர் தலையில்தான் விழுகிறது.

வாடகை உதவிக்கென்று அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் ஏறக்குறைய 4,650 கோடி டாலர் ஒதுக்கியதே என்பார்கள். தடையின் கெடு முடிந்த 2021 ஜூலை இறுதிவரை பட்டுவாடா ஆனது சுமார் 510 கோடி, அதாவது ஒன்பதில் ஒரு பங்கு. தடை ஒரே நாளில் அமலுக்கு வந்தது, பணம் மட்டும் விண்ணப்பத்துக்கும் சான்றுக்கும் காத்துக் கிடந்தது. கெடு முடிந்தும் ஆகஸ்டு 3 அன்று புதிய தடை போட்டார்கள். அதை 26-ஆம் தேதி செல்லாததாக்கிய உச்ச நீதிமன்றம், வீட்டு உரிமையாளர்களில் பலர் எளிய வசதியினர் என்றும், பாக்கி என்றாவது கைக்கு வரும் என்ற உத்தரவாதமே அவர்களுக்கு இல்லை என்றும் குறிப்பிட்டது.

இப்படி அடிபட்டவர் அடுத்து என்ன செய்வார்? சொந்தமாகக் குடியிருக்க விரும்புகிறவருக்கு வீட்டை விற்றுவிடுவார். வாடகைச் சந்தையில் ஒரு வீடு குறையும். விற்காதவர் முன்பணத்தை உயர்த்துவார், கடன் மதிப்பெண்ணைத் துருவிப் பார்ப்பார், நிலையான சம்பளம் இல்லாதவருக்குக் கதவைத் திறக்க மாட்டார். எதிரணி நண்பரே, நீங்கள் பரிந்து பேசிய அதே ஏழைதான் நாளை வீடு தேடி அந்த வாசலில் நிற்கப்போகிறார். கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லாந்து நகரில் 2020 மார்ச்சில் தொடங்கிய உள்ளூர்த் தடை 2023 ஜூலைவரை நீடித்தது. மூன்றாண்டுக்கு மேல் இந்த அச்சத்தோடு இருந்த உரிமையாளர், காலியான வீட்டை முன்பின் தெரியாதவருக்கு எந்த நம்பிக்கையில் கொடுப்பார் என்பதை எதிரணி விளக்கட்டும்.