டெனோச்டிட்லானை வீழ்த்தியது அண்டையாரின் பகையே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இன்றைய மெக்சிகோவில் இருந்த ஆஸ்டெக் பேரரசின் தலைநகர் டெனோச்டிட்லான் ஸ்பானியரிடம் வீழ்ந்ததற்குப் பெருங்காரணம் வந்தவர்களின் வலிமையா, அண்டையாரின் பகையா என்பது தலைப்பு. அண்டையாரின் பகையே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய சகோதரி குதிரை, பீரங்கி, எஃகு வாள், அம்மை நோய் என்று நான்கை அடுக்கினார். கடல் கடந்து வந்தவர்களோடு வந்த நோய் என்பதால் அம்மையும் அவர்கள் வலிமையே என்றார். சரி, அந்தக் கணக்கையும் அவருக்கே விட்டுக்கொடுத்து என் வாதத்தைத் தொடங்குகிறேன்.

விழுந்த ஊர் லேசான ஊர் அல்ல. டெஸ்கோகோ ஏரிக்கு நடுவே ஒரு தீவில் நின்ற நகரம். கரைக்குப் போக நீண்ட கல்சாலைகள். வேண்டும்போது அவற்றின் பாலங்களை எடுத்துவிட்டால் நகரம் தனித்து நிற்கும். ஏரி நீர் உப்புக் கரித்ததால், சபுல்டெபெக் ஊற்றிலிருந்து இரட்டைக் கால்வாய் கட்டிக் குடிநீர் கொண்டுவந்தார்கள். ஒன்றைத் துப்புரவு செய்யும்போது மற்றதில் தண்ணீர் ஓடும். ஒன்றரை லட்சம் பேருக்குக் குறையாமல் வாழ்ந்த ஊர் என்று பலரும் கணக்கிடுகிறார்கள். 1519-இல் ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்ட்டெஸ் கரையிறங்கியபோது அவரிடம் இருந்தது ஏறக்குறைய 500 வீரர்கள், 16 குதிரைகள். ஐந்நூறு பேர் இந்த ஊரைப் பிடித்தார்கள் என்றால் கதையில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, நடுவர் அவர்களே. விட்டுப்போனவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கடற்கரைக்குப் பக்கத்தில் டோட்டொனாக் மக்கள் இருந்தார்கள். ஆஸ்டெக் பேரரசர் மொக்டெசூமாவின் வரி வசூல்காரர்கள் அங்கே வந்த காட்சியை, கோர்ட்டெஸின் படைவீரர் பெர்னால் டியாஸ் எழுதி வைத்திருக்கிறார். கையில் பூவை முகர்ந்தபடி, ஈ ஓட்ட ஆட்கள் கூட வர, எதிரே நிற்பவர்களை ஏறெடுத்தும் பார்க்காமல் நடந்து வந்தார்களாம். வந்தவர்கள் பலிக்கு ஆள் கேட்டார்கள். அந்த வசூல்காரர்களைக் கட்டிப்போடச் சொல்லித் தூண்டியவர் கோர்ட்டெஸ். கட்டிப்போட்டது அந்த ஊர்க்காரர்களின் கை. கயிறு எடுக்க ஒரு கணம் தயங்கியவர்களுக்குக்கூட மனசுக்குள் காரணம் ஏற்கெனவே இருந்தது. பருத்தித் துணி, கொக்கோ, இறகு, தானியம் என்று ஆண்டுதோறும் கொடுத்துக் கொடுத்து வெறுத்துப்போன ஊர்கள் அவை.

உள்ளே போனால் டிலாஸ்கலா. அது வரி கட்டாத ஊர். வளைந்துகொடுக்காத அந்த ஊரைச் சுற்றி வளைத்து மெக்சிகா அரசு, அதாவது டெனோச்டிட்லானை ஆண்ட ஆஸ்டெக் அரசு, வணிகத்தையே அடைத்துவிட்டது. உப்பு கிடையாது, பருத்தி கிடையாது. உப்பில்லாமல் உண்டு வளர்ந்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். ஒரு பேரரசு தன் பக்கத்து ஊரின் சோற்றிலிருந்து உப்பை எடுத்துவிட்டது என்பதை நினைக்கும்போதே எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. ஆனாலும் டிலாஸ்கலாக்காரர்கள் முதலில் கோர்ட்டெஸோடு கடுமையாகப் போரிட்டார்கள். யாரென்று தெரியாத ஆளுக்குக் கதவைத் திறந்துவிடவில்லை. போரிட்டு, எடைபோட்டு, பிறகுதான் உடன்படிக்கை செய்தார்கள்.

இனி ஆயுதத்துக்கு வருகிறேன். 1519 நவம்பர் 8-ஆம் தேதி கோர்ட்டெஸ் நகருக்குள் போனார். பிறகு மொக்டெசூமாவைச் சிறைபிடித்தார். அடுத்த ஆண்டு திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்தவர்களை கோர்ட்டெஸின் துணைத்தளபதி அல்வராடோ வெட்டிச் சாய்க்க, ஊரே கொதித்தெழுந்தது. 1520 ஜூன் 30 இரவு ஸ்பானியர் கரைக்குப் போகும் டிலகோபான் கல்சாலை வழியாகத் தப்பி ஓடினார்கள். நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். சுமந்த தங்கமே பலரைத் தண்ணீருக்குள் இழுத்தது. பீரங்கிகள் அத்தனையும் போயின. சகோதரி சொன்ன குதிரையும் பீரங்கியும் எஃகு வாளும் அன்றைக்கும் கூடவே இருந்தனவே, ஏன் காப்பாற்றவில்லை?

காயத்தோடும் பசியோடும் அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் டிலாஸ்கலா. இந்த வரலாற்றின் முடிச்சு இங்கேதான் விழுகிறது. மொக்டெசூமாவுக்குப் பின் அரசரான குயிட்லாவாக் அங்கே தூது அனுப்பினார். 'பழைய பகையை மறப்போம், இந்த அந்நியர்களை முடித்துவிடுவோம்' என்பது சேதி. கூடவே வந்த பரிசில் பருத்தியும் உப்பும் இருந்தன என்கிறார்கள். இத்தனை காலம் மறுத்துவிட்டு, தேவை வந்த அன்றைக்கு உப்பு! டிலாஸ்கலா சபை கூடியது. இளைய ஷிகோடென்காட்ல் என்ற படைத்தலைவர், மெக்சிகாவோடு சேரலாம் என்றார். மூத்த தலைவர் மாஷிஷ்காட்சின் ஒப்பவில்லை. வாக்குவாதம் முற்றி, இளையவரைப் படியிலிருந்து கீழே தள்ளிவிட்டார்கள். தூது திரும்பிப் போனது.

அன்றைக்கு அந்தச் சபை வேறு முடிவு எடுத்திருந்தால், மிச்சமிருந்த சில நூறு பேரின் கதை அந்த வாரமே முடிந்திருக்கும். அவர்களிடம் பீரங்கி இல்லை, உணவு இல்லை, நிற்க இடம் இல்லை. இடம் கொடுத்தது பகை.

அடுத்தது அம்மை. 1520 இலையுதிர் காலத்தில் நகரத்தைச் சூறையாடியது. அரசர் குயிட்லாவாக்கே சுமார் எண்பது நாள் ஆட்சியோடு மாண்டார். மறுக்கவில்லை, அந்தத் துயரத்தைச் சிறிதாக்கவும் மாட்டேன். ஆனால் அம்மை கட்சி பார்த்து வந்ததா? டிலாஸ்கலாவிலும் புகுந்தது. கோர்ட்டெஸுக்காக வாதாடிய அதே மாஷிஷ்காட்சினும் அதே அம்மையில்தான் இறந்தார். நோய் இரண்டு பக்கமும் கொன்றது. நோய் தணிந்து பல மாதம் கழித்து, 1521 மே மாதம் முற்றுகை தொடங்கியது. இளம் அரசர் குவாவ்டெமொக் தலைமையில் அந்த நகரம் ஏறக்குறைய மூன்று மாதம் தெருத் தெருவாக நின்று போராடியது. அம்மை அதன் முதுகெலும்பை முறித்திருந்தால் இது நடந்திருக்குமா?

ஏரியில் போரிடக் கப்பல் வேண்டும். பதின்மூன்று கப்பல்களை மார்ட்டின் லோபஸ் என்ற தச்சர் டிலாஸ்கலாவில் கட்டினார். ஏரியோ மலைக்கு அந்தப் பக்கம். கப்பல்களைப் பிரித்து, பலகை பலகையாகத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறினார்கள். தூக்கியவர்கள் 8,000 பேர் என்கிறார் கோர்ட்டெஸ். டெஸ்கோகோ நகருக்குள் அந்த வரிசை நுழைந்து முடிய ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது என்று அவரே தன் மன்னருக்கு எழுதினார். அங்கே கப்பலை ஏரிக்குள் இறக்கக் கால்வாய் வெட்டியவர்களும் அந்த மண்ணின் மக்கள்தான். எதிரணி இந்தக் கப்பல்களை ஸ்பானிய வலிமை என்று எழுதிக்கொள்கிறது. அந்த எட்டாயிரம் தோள்களை எந்தப் பத்தியில் எழுதுவது?

கப்பல் வந்து இறங்கிய டெஸ்கோகோ எது தெரியுமா? 1428-லிருந்து டெனோச்டிட்லானோடு முத்தரசுக் கூட்டணியில் இருந்த நகரம். அங்கே 1515-இல் அரசர் நெசவால்பில்லி இறந்ததும் வாரிசுச் சண்டை வந்தது. மொக்டெசூமா தனக்கு வேண்டிய ககாமாவை ஆதரித்தார். ஒதுக்கப்பட்ட இஷ்ட்லில்ஷோசிட்ல் பின்னாளில் கோர்ட்டெஸின் பக்கம் பெரும்படையோடு நின்றார். முற்றுகை இறுகியபோது ஷோசிமில்கோ, இஸ்தபலாபா போன்ற ஏரிக்கரை ஊர்களும் அணி மாறின. காய்கறியும் தானியமும் ஏற்றி வந்த தோணிகள் நின்றன. சபுல்டெபெக் கால்வாய் உடைந்தது. நகரம் பட்டினியிலும் தாகத்திலும் துடித்தது.

இந்த மக்களை 'காட்டிக்கொடுத்தவர்கள்' என்று எதிரணித் தலைவர் தொடக்கத்தில் சொன்னார். அந்த வார்த்தையைத் திரும்பப் பெறும்படி கேட்டுக்கொள்கிறேன். டிலாஸ்கலாக்காரருக்கு மெக்சிகா சொந்த நாடு அல்ல, எதிரி நாடு. கடலுக்கு அப்பாலிருந்து என்ன வரப்போகிறது என்று 1520-இல் அவர்களுக்கு யார் சொன்னது? தங்களை நசுக்கியவன் வீழட்டும் என்று நினைத்தது துரோகம் ஆகாது.

கடைசியாக ஒரு சான்று. 1521 ஜூன் 30, முற்றுகையின் நடுவே ஸ்பானியர் ஒரு பொறியில் சிக்கினார்கள். கோர்ட்டெஸே மயிரிழையில் தப்பினார். பிடிபட்டவர்களைக் கோயில் உச்சியில் பலியிட்டதை மற்றவர்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள். இன்னும் சில நாளில் அந்நியர் எல்லாரும் அழிவார்கள் என்று மெக்சிகா குருமார் அறிவிக்க, துணைப்படையினரில் பெரும்பாலோர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அந்த நாள்களில் ஸ்பானியரிடம் கப்பல் இருந்தது, குதிரை இருந்தது, துப்பாக்கி இருந்தது. நகரமோ அம்மை கண்டு ஓய்ந்த நகரம். இல்லாமல் போனது அண்டை ஊர்ப் படை ஒன்றுதான். நகருக்குள் முன்னேற்றம் நின்றது. குருமார் சொன்ன நாள் கடந்து, போனவர்கள் திரும்பி வந்த பிறகுதான் மீண்டும் நகர்ந்தார்கள்; ஆகஸ்ட் 13-ஆம் தேதி குவாவ்டெமொக் தோணியில் பிடிபட்டார்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் வேறு எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். அந்தச் சில நாள்கள் முன்னேற்றம் ஏன் நின்றது என்பதை மட்டும் இந்த அவைக்கு விளக்கட்டும். நன்றி, வணக்கம்.