‘காம்ப்ளிகேட்’, ‘காம்ப்ளிகேட்டட்’: எதை எங்க சொல்லணும்?

‘காம்ப்ளிகேட்னா கஷ்டமாக்குறதுதானே? இட் இஸ் காம்ப்ளிகேட்னு சொல்லலாமா?’ன்னு கமெண்ட்ல ஒருத்தர் கேட்டிருக்காங்க.

ரெண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிடலாம். அப்படிச் சொல்லக் கூடாது. ‘காம்ப்ளிகேட்’ வினைச்சொல், சிக்கலாக்குறது. ஏற்கெனவே சிக்கலா இருக்குன்னா ‘இட் இஸ் காம்ப்ளிகேட்டட்’. வேகமாப் பேசும்போதும் கடைசி ‘டட்’டை விட்டுடாதீங்க. அழுத்தம் முதல்ல வர்ற ‘காம்’ மேல.

முதல் கேள்வியிலதான் விஷயமே இருக்கு. கஷ்டமாக்குறது எல்லாமே காம்ப்ளிகேட் ஆகாது. கேள்வித்தாள்ல கணக்கெல்லாம் கடினமா வந்திருந்தா, ‘தே மேட் தி எக்ஸாம் ஹார்டர்’, அவ்வளவுதான். அதே பரீட்சையில பாதி நேரத்துல விதிமுறையை மாத்தி, ‘இந்தப் பகுதிக்குத் தனித் தாள், அந்தப் பகுதிக்கு வேற நேரம்’னு அறிவிச்சா, ‘தட் காம்ப்ளிகேட்டட் திங்ஸ்’. புதுசா ஒண்ணு உள்ள வந்து, ஏற்கெனவே இருக்கிறதோட பின்னிக்கணும். அப்பதான் இந்த வார்த்தை பொருந்தும்.

வேலை தாமதமாகுது, தடைபடுதுன்னு மட்டும் சொல்லணும்னா ‘ஹாம்பர்’ போதும். ‘ரெய்ன் ஹாம்பர்ட் தி ஒர்க்’னா மழையால வேலை சரியா நகரல.

அடுத்து, எதைச் சிக்கலாக்குறோம்? திங்ஸ், மேட்டர்ஸ், லைஃப், சிச்சுவேஷன், பிராப்ளம், இதெல்லாம் பின்னாடி வரலாம். ஆளைப் போடாதீங்க. ‘டோன்ட் காம்ப்ளிகேட் மீ’ தப்பு. உங்களைக் குழப்புறாங்கன்னா ‘டோன்ட் கன்ஃப்யூஸ் மீ’. ‘ஐ ஆம் காம்ப்ளிகேட்டட்’னு சொன்னா, குழம்பிப் போயிருக்கேன்னு அர்த்தம் வராது. ‘என்னைப் புரிஞ்சுக்கிறது கஷ்டம்’னு ஆயிடும்! குழம்பிப் போயிருக்கேன்னு சொல்ல ‘ஐ ஆம் கன்ஃப்யூஸ்டு’.

‘டு காம்ப்ளிகேட் மேட்டர்ஸ்’ ரொம்பப் பயன்படும், அவசியம் பழகிக்கோங்க. ஒரு பிரச்சினையைச் சொல்லிட்டு, ‘இது போதாதுன்னு’ன்னு அடுத்ததை ஆரம்பிப்போம்ல, அந்த இடத்துல வரும். ‘தி டிரெய்ன் வாஸ் லேட். டு காம்ப்ளிகேட் மேட்டர்ஸ், மை ஃபோன் டைடு.’

தேவையில்லாமச் சிக்கலாக்கினா ‘ஓவர்காம்ப்ளிகேட்’.

‘காம்ப்ளெக்ஸ்’ கொஞ்சம் வேற. பல பாகங்கள் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிருக்குன்னு சொல்ற சொல், அதுல குறை சொல்ற தொனி கிடையாது. மூளையை ‘காம்ப்ளெக்ஸ் ஆர்கன்’னு சொல்றது அப்படித்தான். ஒரு ஃபார்மை நிரப்பவே முடியல, தலை சுத்துதுன்னா, அது ‘காம்ப்ளிகேட்டட் ஃபார்ம்’.

டாக்டர் ‘காம்ப்ளிகேஷன்ஸ்’னு சொன்னா, ஒரு நோயாலயோ சிகிச்சையாலயோ கூடுதலா வந்த வேற பிரச்சினைகள்னு அர்த்தம்.