ஜனநாயகத்தின் குறைகள் என்னென்ன? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி சாவகச்சேரியிலிருந்து ஒரு பிள்ளை அனுப்பியிருக்கிறார். உயர்தரத்துக்கு அரசியல் விஞ்ஞானம் படிக்கிறாராம். அப்படியே வாசிக்கிறேன்: “சேர், ஜனநாயகத்தின் குறைகள் என்று என் குறிப்பில் மூன்று இருக்கின்றன. செலவு கூட, முடிவெடுக்கத் தாமதம், படிக்காதவர்களும் வாக்களிக்கிறார்கள். இவ்வளவுதானா? அப்படியென்றால் சிங்கப்பூர் மாதிரி ஒரு கெட்டிக்காரர் கையில் நாட்டைக் கொடுத்தால் நல்லதுதானே என்று அப்பா கேட்கிறார்.”

சரி பிள்ளை, உங்களுக்கும் அப்பாவுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அந்த மூன்றையும் பரீட்சையில் எழுதுங்கோ, புள்ளி கிடைக்கும். செலவும் தாமதமும் உண்மைதான், அவற்றில் அதிகம் பேச ஒன்றுமில்லை. மூன்றாவதோடு எனக்குக் கொஞ்சம் வழக்கு இருக்கிறது.

1931இல், பிரித்தானியர் ஆண்ட காலத்தில், இலங்கைக்கு வந்த டொனமூர் அரசியல் யாப்பு 21 வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தது. ஆண், பெண், காணி உள்ளவர், இல்லாதவர் என்ற பேதம் கிடையாது. ஆசியாவில் வேறு எந்தக் குடியேற்ற நாட்டுக்கும் அப்போது அது கிடைக்கவில்லை. அதை விரும்பாதவர்கள் நம்மிடையேயும் இருந்தார்கள். தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனே எதிர்த்தார். “எழுத வாசிக்கத் தெரியாதவனுக்கு வாக்கு எதற்கு” என்று சொன்னால் கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தில் அந்த “தெரியாதவன்” யார்? சாதியைக் காட்டிப் பள்ளிக்கூடத்துக்குள் விடப்படாதவன். முதலில் படிக்க விடாமல் வைத்துவிட்டு, பிறகு படிக்கவில்லை என்று வாக்கையும் மறுப்பது என்ன கணக்கு?

படித்தவர்கள் மட்டும் நிதானமாகவா வாக்களிக்கிறார்கள்? 2019இல் வரியைக் குறைப்போம் என்று சொல்லி ஒரு தேர்தல் நடந்தது. டிசம்பர் மாதமே பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு இறங்கியது. கம்பனிக்காரரும் பட்டதாரிகளும் கைதட்டினார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. எல்லாம் அந்த வரிக்குறைப்பால் வந்தது என்று சொல்ல மாட்டேன், அதற்கும் பங்கு உண்டு. அடுத்த தேர்தலைத் தாண்டி யோசிப்பவருக்கு வாக்கு விழாது என்பது ஜனநாயகத்தின் ஒரு மெய்யான குறை. நம் கிணற்றுத் தண்ணீரையே பாருங்கோ. சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கிற தண்ணீர், வருடா வருடம் பசளை கலந்து கெடுகிறது. அதைக் காப்பாற்ற இருபது வருட வேலை வேண்டும். தேர்தலுக்கு முதல் மாதம் ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போடுவது சுகம். போட்டோவுக்கும் நல்லது.

இதையெல்லாம் விடப் பெரியது உங்கள் குறிப்பில் இல்லாத ஒன்று. அதைச் சொல்ல எங்கள் ஊர் வாசிகசாலைக்குப் போக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இரண்டு ஒழுங்கைகள். மேற்கில் முப்பதுக்கு மேற்பட்ட வீடுகள், கிழக்கில் ஒன்பது. நான் இளந்தாரியாக இருந்த காலத்தில் ஒவ்வொரு புரட்டாசியிலும் பொதுக்கூட்டம் வைத்து, இருக்கிற காசில் எந்தப் பக்கத்து வெள்ளவாய்க்காலை வெட்டுவது என்று தீர்மானிப்போம். எல்லாம் முறைப்படிதான். ஒருவர் பிரேரிப்பார், ஒருவர் ஆமோதிப்பார், கை உயர்த்துவோம், செயலாளர் எண்ணிக் கூட்டறிக்கையில் எழுதுவார். நான்கு வருடமும் மேற்குதான் வென்றது. ஒருவரும் களவு செய்யவில்லை. கிழக்கு ஒழுங்கைக்காரர் மூன்றாம் வருடத்தோடு கூட்டத்துக்கு வருவதை விட்டுவிட்டார்கள். நாங்கள், எங்கள் வீடும் மேற்கில்தான், “அவர்களுக்குப் பொது விஷயத்தில் அக்கறை இல்லை” என்று சொல்லிக்கொண்டு திரிந்தோம். ஒரு கார்த்திகை மழைக்கு ஒரு ஆச்சியின் குசினிக்குள் முழங்காலளவு வெள்ளம் நின்றது. பானையும் சுளகும் மிதந்ததை நான் போய்ப் பார்த்தேன். அதன்பிறகுதான் வாக்கெடுப்பை விட்டு, ஒரு வருடம் மேற்கு, மறு வருடம் கிழக்கு என்று முறை வைத்தோம்.

இதுதான் நான் சொல்ல வந்த குறை. ஒரு தேர்தலில் தோற்றவர் அடுத்ததில் வெல்லலாம் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஆட்சிமுறை ஓடுகிறது. கருத்தால் சேர்ந்த பெரும்பான்மை மாறும். பிறப்பால், மொழியால், மதத்தால் சேர்ந்த பெரும்பான்மை எந்தத் தேர்தலில் மாறும்?

நாட்டு அளவில் பாருங்கோ. 1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஆறேழு ஆசனம் எடுத்தது. அடுத்த வருடம் அவர்களில் பெரும்பாலானோரின் குடியுரிமையைப் பறித்த பிரசாவுரிமைச் சட்டம், 1949இல் வாக்கையும் பறித்த தேர்தல் திருத்தச் சட்டம். 1952 தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஒரு ஆசனமும் இல்லை. வாக்காளரே இல்லாமல் போனால் ஆசனம் எங்கே வரும்? ஒரு பாராளுமன்றம் தனக்குப் பிடிக்காத வாக்காளர்களை வாக்கெடுப்பு நடத்தியே நீக்கியது. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956 தனிச் சிங்களச் சட்டமும் அப்படித்தான். தமிழ் உறுப்பினர்களும் இடதுசாரிகளும் எதிர்த்து வாக்களித்தார்கள், அது எண்ணப்பட்டது, போதவில்லை. அப்போது நடப்பில் இருந்த சோல்பரி அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவு ஒரு சமூகத்தை மட்டும் பாதிக்கிற சட்டம் கூடாது என்றது. அது காகிதத்தில் இருந்தது.

எண்ணுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1970இல் ஐக்கிய தேசியக் கட்சிக்கு (ஐ.தே.க.) சுதந்திரக் கட்சியை விடக் கொஞ்சம் கூடுதல் வாக்கு. ஆசனமோ ஐ.தே.க.வுக்கு 17, சுதந்திரக் கட்சிக்கு 91. 1977இல் அதே ஐ.தே.க. பாதியை ஒட்டிய வாக்கோடு 168இல் 140 ஆசனத்தை அள்ளியது. இதைச் சரிசெய்யத்தான் வாக்கு வீதத்துக்கேற்ப ஆசனம் பகிரும் விகிதாசார முறை வந்தது, அதோடு பட்டியலில் பிடித்த வேட்பாளர்களுக்குப் போடும் விருப்பு வாக்கும் வந்தது. 2024இல் யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு ஆசனம், கேட்டவை நாற்பதுக்கு மேற்பட்ட பட்டியல்கள். வாக்குச் சீட்டு பாய் மாதிரி. என் அம்மா வெளியில் வந்து, “புள்ளடி போட்டேன், ஆருக்கு என்று கேளாதை” என்றார். இரகசிய வாக்கெடுப்பை இவ்வளவு கடுமையாகக் காப்பாற்றியவர் வேறு யாரும் இல்லை.

இப்போது அப்பாவின் கேள்வி. கெட்டிக்காரர் ஒருவரிடம் கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்திருக்கிறோம் ஐயா. 1977இன் அந்த 140 ஆசனத்தோடுதான் அதிகாரத்தை ஒருவர் கையில் குவிக்கிற நிறைவேற்று ஜனாதிபதி முறை வந்தது. 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலை ஆறு வருடம் தள்ளிவைக்கலாமா என்று சர்வசன வாக்கெடுப்பு. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டார்கள். நாடு முழுவதும் கிட்டத்தட்ட 55 வீதத்தோடு விளக்கு வென்றது. தேர்தல் வேண்டாம் என்பதற்கும் ஒரு தேர்தல். அது நடந்து ஏழு மாதத்தில் தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரம் வந்தது.

சிங்கப்பூரை எல்லோரும் காட்டுகிறார்கள். அதன் முதல் பிரதமர் லீ குவான் யூ கெட்டிக்காரர், மறுக்கவில்லை. கெடுபிடியும் அங்கே இருந்தது. ஆனால் அங்கேயும் தேர்தல் நடக்கிறது. முக்கால்வாசிப் பேர் சீனராக இருக்கிற நாட்டில் தமிழும் ஆட்சிமொழி. 1988 முதல் சில தொகுதிகளில் குழுவாகத்தான் போட்டியிடலாம், அந்தக் குழுவில் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது இருந்தே ஆக வேண்டும். ஆளும் கட்சிக்கு அது வசதி என்று குறை சொல்பவர்களும் உண்டு. இருந்தாலும் எண்ணிக்கையை மட்டும் நம்பினால் சிறுபான்மை காணாமல் போகும் என்று அவர்கள் யோசித்திருக்கிறார்கள். சிங்கப்பூர் போல ஆக வேண்டும் என்று இங்கே மேடையில் பேசுபவர்கள் இதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

பிள்ளை, பரீட்சையில் “பெரும்பான்மையின் கொடுங்கோன்மை” என்று நான்காவதாக ஒன்று எழுதி, கீழே 1949ஐ உதாரணமாகப் போடுங்கோ. வாய்க்கால் கதையை எழுத வேண்டாம், திருத்துபவருக்கு விளங்காது. சரி, அடுத்தது கிளிநொச்சியிலிருந்து, மாகாண சபையின் அதிகாரம் பற்றி ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.