காக்கா பிடித்தல்: அது காக்கையேதான்

நடுவர் அவர்களே, வேலூர்ப் பெருமக்களே, வணக்கம்.

'காக்கா பிடித்தல்' என்ற சொல்லில் இருப்பது காக்கையா, கால் கையா? 'கால் கை பிடித்தல்'தான் தேய்ந்து இப்படி ஆயிற்று என்று சாதித்துவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணி நண்பர். துணைக்குக் காக்காய் வலிப்பையும் அழைத்து வந்தார். அது கால் கை வலிப்பாகவே இருக்கட்டும். காலையும் கையையும் இழுக்கிற நோய், விட்டுத் தருகிறேன். பிடித்தலைத் தர மாட்டேன்.

'கையைக் காலைப் பிடித்து வேலை வாங்கினேன்' என்பதுதான் நம் வழக்கு. அதில் கை முன்னே வருகிறது. அந்த வரிசையைக்கூட நான் பெரிதாக்கவில்லை, பொருளைப் பாருங்கள். காலைப் பிடிப்பவன் வேறு வழியற்றவன்; அவன் கண்ணில் நீர் இருக்கும். காக்கா பிடிப்பவனிடம் தேன் இருக்கும். ஒன்று கெஞ்சல், மற்றது குழைவு.

அந்தக் குழைவை நான் எங்கள் மொட்டைமாடியில் பார்த்திருக்கிறேன். அமாவாசை அன்று இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பைச் சோற்றில் பிசைந்து, கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, இரண்டடி பின்வாங்கி நிற்பார் அம்மா. வீட்டில் எங்களை அதட்டுகிற அதே குரல், அங்கே 'கா... கா...' என்று இழையும். காக்கை உடனே வராது. தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்க்கும், பக்கவாட்டில் ஒரு தத்துத் தத்தும், மறுபடி விலகும். அது வாய் வைக்கும்வரை எங்களுக்கு இலை போட மாட்டார். எட்டிப் பிடித்தால் அகப்படாத பறவை அது. சோறு வைத்து, குரலை மாற்றி, காத்திருந்துதான் அதை வசப்படுத்த வேண்டும். காரியக்காரன் அதிகாரியிடம் செய்வதும் இதைத்தானே!

இது நேற்று வந்த பழக்கமும் அன்று. குறுந்தொகை 210ஆம் பாடலில், தலைவன் வரும்படி கரைந்த காக்கைக்கு, வள்ளல் நள்ளியின் காட்டு இடையர்களின் நெய்யோடு தொண்டியில் விளைந்த வெண்ணெல் சோற்றை ஏழு கலத்தில் ஏந்திக் கொடுத்தாலும் சிறிதுதான் என்கிறாள் தோழி. பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் நிலைத்தது. ஒரு பெண்பாற் புலவரின் பெயரிலேயே ஏறி அமர்ந்த பறவையை, ஒரு வழக்குச் சொல்லிலிருந்து விரட்டப் பார்க்கிறார் நண்பர்!

அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிள்ளையின் உயிருக்காக மருத்துவரின் காலைப் பிடித்து அழும் தாயைப் பார்த்து, 'காக்கா பிடிக்கிறாள்' என்று நீங்கள் சொல்வீர்களா? நடுவர் அவர்களே, அவர் பதில் சொல்லட்டும்.