நிரம்பி வழியும் பாத்திரமும் ஒரு நட்சத்திரமும்

நேயர்களுக்கு வணக்கம். 2012 ஜூன் 6-ஆம் தேதி காலையில் உங்களில் சிலர் கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு சூரியனைப் பார்த்திருப்பீர்கள். அதன் முகத்தில் மைப்பொட்டு வைத்தது போல ஒரு புள்ளி ஊர்ந்துகொண்டிருந்தது. அது வெள்ளிக் கோள். கடந்து போக ஆறு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. இனி 2117 டிசம்பரில்தான். நமக்கு வாய்க்காது, விடுங்கள்.

அன்றைக்கு வெயில் கொஞ்சம் குறைந்ததே, கவனித்தீர்களா? ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்தது. யாருக்கும் உறைத்திருக்காது. ஆனால் வெகு தொலைவிலிருந்து பார்க்கிற ஒருவருக்குச் சூரியன் வெறும் ஒளிப்பொட்டுதான், புள்ளியெல்லாம் தெரியாது. ஏதோ ஒன்று குறுக்கே போகிறது என்று அவருக்குச் சொல்ல அந்த மங்கலை விட்டால் வேறு சாட்சி இல்லை, அதுவும் அவருக்கு இன்னும் சிறியதாகத்தான் தெரியும். நாமும் மற்ற நட்சத்திரங்களை அப்படித்தான் பார்க்கிறோம். ஒளி சற்றே மங்குகிறது, சில மணி நேரம் அப்படியே இருக்கிறது, பழையபடி ஆகிறது. மறுபடி அதே இடைவெளியில் அதே மங்கல் வந்தால், அங்கே ஒரு கோள் சுற்றுகிறதோ என்று சந்தேகப்படலாம்.

கெப்ளர் விண்கலம் இந்த வழியில் 2,600-க்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டுபிடித்தது. பெரிய காரியம்தான். ஆனால் எனக்கு எண்ணிக்கையில் அவ்வளவு மயக்கம் இல்லை. கெப்ளர் பார்த்த நட்சத்திரங்களில் பெரும்பாலானவை தூரத்தில் இருக்கிற மங்கலானவை. கோள் இருக்கிறது என்று தெரியும், அளவும் தெரியும். எடை என்ன, காற்று உண்டா என்று கேட்டால் பல இடங்களில் பதில் கிடையாது. பிரகாசமான, பக்கத்து நட்சத்திரம் ஒன்று கிடைத்தால் போதும், நூறு மங்கல் நட்சத்திரங்களை அதற்காக விட்டுக்கொடுத்துவிடுவேன்.

ஏன் என்கிறீர்களா? மழையில் ஒரு பாத்திரத்தை வைத்து, ஒரு நிமிடத்தில் விழும் துளிகளை எண்ணுங்கள். முதல் நிமிடம் 100, அடுத்த நிமிடம் 91. மழை குறைந்துவிட்டதா? சொல்ல முடியாது. நூறு எண்ணும்போது பத்து முன்னே பின்னே இருப்பது இயல்பு. பத்தாயிரம் எண்ணினால் நூறு முன்னே பின்னே இருக்கும், அதாவது நூற்றில் ஒன்று. பத்துக் கோடி எண்ணினால்தான் பத்தாயிரத்தில் ஒன்று என்கிற துல்லியம் வரும். ஒளியும் இப்படித் துளித்துளியாகத்தான் வருகிறது. நம் பூமி சூரியனுக்குக் குறுக்கே போனால் மறைக்கும் ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. தூறலை வைத்துக்கொண்டு அதை எப்படிப் பிடிப்பது? கொட்டுகிற மழை வேண்டும்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த கதை ஒன்று. எச்டி 209458 என்று ஒரு நட்சத்திரம். பெயர் தொலைபேசி எண் மாதிரி இருக்கிறது, மன்னியுங்கள். 150 ஒளியாண்டுகளுக்குச் சற்று அதிகமான தூரம். இருட்டான இடத்தில் பைனாகுலரில் தெரியும். அதற்கு ஒரு கோள் உண்டு என்பது, கோள் இழுப்பதால் நட்சத்திரம் போடுகிற தள்ளாட்டத்தை வைத்து முன்பே தெரிந்துவிட்டது. 1999 செப்டம்பரில் டேவிட் ஷார்பொன்னோ என்ற ஆராய்ச்சி மாணவர் அதன் ஒளியை அளந்தார். அவர் கையில் இருந்த தொலைநோக்கியின் வாய் 10 சென்டிமீட்டர்தான். ஓர் உள்ளங்கை அகலம்! நட்சத்திரம் ஒன்றரை சதவீதம் மங்கியது, சுமார் மூன்று மணி நேரம் அப்படியே இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் கிரெக் ஹென்றியின் குழுவும் தனியாக அதைப் பிடித்தது. நம் சூரிய மண்டலத்துக்கு வெளியே ஒரு கோள் தன் நட்சத்திரத்தைக் கடப்பதை மனிதர்கள் பார்த்து உறுதி செய்தது அதுதான் முதல் முறை. மங்கலிலிருந்து குறுக்களவும் தள்ளாட்டத்திலிருந்து எடையும் சேர்ந்து கையில் வந்ததால் அடர்த்தி தெரிந்தது: தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு. வியாழனை விட எடை குறைவு, உடம்பு மட்டும் பெரிது.

கதை அதோடு முடியவில்லை. ஹிப்பார்கோஸ் என்ற செயற்கைக்கோள் 1989 முதல் 1993 வரை லட்சத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்களை அளந்து வைத்திருந்தது. பழைய பட்டியலைப் புரட்டினால், இதே நட்சத்திரம் அதில் சில முறை மங்கியிருக்கிறது! அளந்தவர்கள் அளந்துவிட்டார்கள், பட்டியலும் வெளியாகிவிட்டது. மூன்றரை நாளுக்கு ஒருமுறை என்று தெரிந்துகொண்டு தேடினால்தான் கண்ணில் படும். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு மாதிரி இருக்கிறது.

சரி, என் சொந்த அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். எச்டி 189733 என்ற நட்சத்திரத்தை ஓர் இரவு படமெடுத்தேன். அதன் கோள் இரண்டேகால் நாளுக்குள் ஒரு சுற்று முடித்துவிடும். இரண்டு சதவீதத்துக்கு மேல் ஒளியை மறைக்கும். பிடிக்க எளிது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஊசிமுனை போலக் குவித்து எடுத்தேன். படங்கள் அழகோ அழகு. காலையில் ஒளியை அளந்து கோடு போட்டுப் பார்த்தால் தட்டையாகக் கிடக்கிறது, மங்கலே இல்லை. கோள் வரவில்லையா? வந்தது. ஒளி அதிகமாகி என் கேமராதான் நிரம்பி வழிந்திருக்கிறது. நிரம்பிய பாத்திரத்தில் மழை கொஞ்சம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? அடுத்த முறை வேண்டுமென்றே குவியத்தைக் கலைத்து, நட்சத்திரத்தைப் புகைத்திட்டு போல அகலமாக்கி எடுத்தேன். பார்க்க அசிங்கமான படம். ஆனால் அளந்த கோட்டில் பள்ளம் விழுந்தது! இப்படிக் கோள்களை அளக்க ஐரோப்பா அனுப்பிய கீயாப்ஸ் விண்கலத்தின் தொலைநோக்கியையே இப்படிக் குவியம் கலைத்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதல்.

பிரகாசத்தில் இன்னொரு தொல்லை. வானில் மெல்லிய மேகம் வந்தாலும் நட்சத்திரம் மங்கும். அதனால் பக்கத்தில் இன்னொரு நட்சத்திரத்தை வைத்து ஒப்பிடுவோம். ரொம்பப் பிரகாசமானதற்குத் தோதான துணை அருகில் கிடைக்காது. அப்புறம், விண்வெளிக்குப் போவதுதான் வழி. கோள்களைத் தேட 2018-இல் ஏவிய டெஸ் விண்கலத்தில் நான்கு கேமராக்கள், ஒவ்வொன்றின் வாயும் மறுபடி ஏறக்குறைய அந்த 10 சென்டிமீட்டர்தான். பிரகாசமான நட்சத்திரத்துக்கு அது போதும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். கோள்களின் காற்றைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்து வந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். கோள் குறுக்கே போகும்போது நட்சத்திர ஒளியில் ஒரு சிறு பங்கு அதன் காற்றை வடிகட்டிக்கொண்டு வருகிறது. எந்த நிறம் கூடுதலாகக் குறைகிறது என்று பார்த்தால் காற்றில் என்ன இருக்கிறது என்று தெரியும். முதலில் அகப்பட்டது சோடியம், அதே எச்டி 209458-இன் கோளில்தான். பிரகாசமான நட்சத்திரத்திலும் கணக்குத் தவறலாம் என்பதற்கு இன்னொன்று: கடக ராசியில், பூச நட்சத்திரத்துக்கு வடக்கே, இருட்டான வானில் வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரிகிற நட்சத்திரம் ஒன்று இருக்கிறது, 55 கேன்க்ரி. அதன் உட்கோள் 2.8 நாளுக்கு ஒருமுறை சுற்றுவதாகத்தான் முதலில் கணக்குப் போட்டிருந்தார்கள். உண்மையில் 17 மணி 40 நிமிடம். அந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்பதே ஒரு தனிக் கதை, அதற்கு இன்று நேரமில்லை. வணக்கம்.