கூடையும் கலண்டரும்

வணக்கம். களுவாஞ்சிகுடியில் ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு மெஷின், ஒரு ஓவர்லொக், துணி வெட்ட ஒரு மேசை, அவ்வளவுதான். மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டே இந்தக் கடையை எப்படி ஓட்டுகிறாய் என்று கேட்டுத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எனக்கு 21 நாளைக்கு ஒரு தடவை கீமோ, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில். முதல் தடவை ஏற்றிய மறுநாளே தீபாவளிச் சட்டைகளோடு மெஷினில் உட்கார்ந்தேன். அரை மணித்தியாலம் தாங்கவில்லை, குமட்டல். நாலு நாள் பாயை விட்டு எழும்பவில்லை. ஆனால் நான் செய்த பெரிய பிழை அதற்குப் பிறகுதான். கொஞ்சம் தெம்பு வந்ததும் கடையைத் திறந்து அளவெடுக்கத் தொடங்கினேன். மருந்து ஏற்றி 7ஆம் நாளில் இருந்து 14ஆம் நாள் வரைக்கும்தான் பொதுவாகக் கிருமியோடு சண்டை பிடிக்கிற வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். ஆளைப் பார்த்தால் சுகமாய்த் தெரியும், உள்ளே காவலுக்கு ஆள் இல்லை. அளவெடுப்பதோ ஆளோடு ஆள் ஒட்டி நின்று செய்கிற வேலை. இருமலோடு வந்த ஒரு பிள்ளைக்கு யூனிபோம் அளவெடுத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல், வார்ட்டில் ஐந்து நாள்.

அதற்குப் பிறகு கலண்டர் சொன்னபடிதான் கடை. முதல் கிழமை பூட்டு. இரண்டாம் கிழமை மெஷின் வேலை மட்டும். அளவுச் சட்டையையும் துணியையும் வாசல் கூடையில் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். மூன்றாம் கிழமைதான் அளவு, பகிடி, தேத்தண்ணி எல்லாம். மெஷின் லாச்சிக்குள் தேமோமீட்டர் இருக்கிறது. 38 பாகை செல்சியஸ் காட்டினால் பனடோல் போட்டுக்கொண்டு படுப்பதில்லை, உடனே ஆஸ்பத்திரி. உங்கள் மருந்துக்கு நாள் கணக்கு வேறாக இருக்கலாம், கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் நோயை மறைத்தேன். கரண்ட் இல்லை, நூல் வரவில்லை என்று தினம் ஒரு பொய். சனத்துக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னபோது ஒருவர் மட்டும் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார், துணியில் நோய் ஒட்டும் என்று நினைத்தாராம். மற்றவர்கள் நாள் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

காசு விஷயத்திலும் இடறினேன். மருந்து இலவசம்தான், ஆனால் ஓட்டோவும் வெளியில் எடுத்த ஸ்கானும் இலவசம் இல்லையே. சட்டைக்கு வாங்கிய முற்பணத்தில் கை வைத்தேன். லைனிங் துணி வாங்கப் போனால் கையில் ஒன்றும் இல்லை. இப்போது இரண்டு பால்மா டின்: ஒன்று கடைக்கு, மற்றது எனக்கு. கடை டின்னை என் மகள்தான் வைத்திருக்கிறாள், கேட்டால் தரமாட்டாள்.

பிறகு மருந்தை மாற்றினார்கள். விரல் நுனி விறைக்கத் தொடங்கியது. ஒருநாள் வெள்ளை யூனிபோமில் ஒரு சிவப்புப் பொட்டு. எங்கிருந்து வந்தது என்று துணியைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறேன். பார்த்தால் என் விரல்! ஊசி ஏறியது எனக்கே தெரியவில்லை. கொளுக்கி, காஜா, ஓரத்தையல் எல்லாவற்றையும் அன்றைக்கே பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன், ஒரு சட்டைக்கு இவ்வளவு என்று பேசி. அவ வடிவாய்த் தைப்பா. என்னைவிட வடிவு என்று சிலர் சொல்கிறார்கள், சரி, இருக்கட்டும்.

இன்று 17ஆம் நாள். அதனால்தான் இங்கே வந்து பேசிக்கொண்டிருக்கிறேன். சட்டை கொடுத்தவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து எடுங்கள். அந்த நீலச் சட்டைக்கு மட்டும் இன்னும் கொளுக்கி வைக்கவில்லை.